நகைக்கு அடுத்தது அழுகை: ஒரு கிறிஸ்துமஸ் திரைப்படமும் அது பெற்ற இருவகைத் தீர்ப்பும்

மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் நகையை முதற்கண் வைத்தார். அதற்கு அடுத்த இடத்தில் அழுகையை வைத்தார். உலக வாழ்வை உற்று நோக்குவார்க்கு அவ்வரிசை மிகப் பொருத்தமாகவே தோன்றும். மகளை மணமுடித்து அனுப்பும் நாளில் கண்கலங்காத தாய் இல்லை. இழவு வீட்டுத் திண்ணையில், மறைந்தவரின் குறும்புகளைச் சொல்லிச் சிரிக்காத உறவினரும் இல்லை. சிரிப்பும் துயரும் ஒரே வீட்டில் கூடியிருக்கக் கண்டு பழகிய நாம், அவ்விரண்டும் ஒரே திரைப்படத்தில் வந்து கூடும்போது மட்டும் முகம் சுளிக்கிறோம். அதிலும், பண்டிகையின் பெயரைத் தாங்கிய படமாயின் நம் மனக்குறை இரட்டிப்பாகிறது. இதன் காரணம் யாது? 2024ஆம் ஆண்டு தமிழிலும் இந்தியிலும் வெளிவந்த ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்னும் திரைப்படத்தையும் அது பெற்ற மாறுபட்ட மதிப்புரைகளையும் முன்வைத்து இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

மலையின் நினைவு

ஆராய்ச்சியை மாட்டுப்பட்டியிலிருந்து தொடங்குகிறோம். பம்பாயில் நிகழும் கதைக்கும் இடுக்கி மாவட்டத்துத் தேயிலை மலைக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். பண்டிகையும் துயரும் அருகருகே வாழும் இயல்பை அம்மலையின் வரலாறு நன்கு காட்டும் என்பதே நம் விடை.

மூணாற்றுக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூரின் பெயர் பச்சைத் தமிழ்ப் பெயர். மாடுகளை அடைக்கும் பட்டி என்பது அதன் நேர்ப்பொருள். 1963ஆம் ஆண்டு இந்திய-சுவிட்சர்லாந்து கூட்டுத் திட்டத்தின்கீழ்க் கால்நடைப் பண்ணை இங்கே அமைந்தபோது, பெயர் தன் பொருளை மீண்டும் பெற்றது எனலாம். 1902இல் இவ்வழியே ஒற்றைத் தண்டவாள வண்டிப்பாதை போடப்பட்டது. 1908இல் அது சிறு இரயில் பாதையாக மாற்றப்பட்டது. மலையில் விளைந்த தேயிலை இவ்வழியாக டாப் ஸ்டேஷன் சென்று, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி போடிநாயக்கனூர்ப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கியது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்தது. அதன்பின் 1950களின் தொடக்கத்தில் அணை எழுந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்ற குரல் ஓங்கி ஒலித்தும், அவை கேரளத்திலேயே நின்றன. கொழுந்து பறித்த தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் தமிழ் பேசி, அலுவலகங்களில் மலையாளம் பேசி வாழ்ந்தன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பின்னர் மலை இறங்கிப் பிற நகரங்களுக்கும் நாடுகளுக்கும் சென்றனர்.

அம்மலையின் கிறிஸ்தவ வரலாற்றில் ஒரு செய்தி குறிக்கத்தக்கது. 1894ஆம் ஆண்டு, தோட்ட மேலாளர் ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட் என்பவரின் இளம் மனைவி எலனார், வாந்திபேதி கண்டு மூணாற்றில் இறந்தார். அவரைக் குன்றின்மேல் அடக்கம் செய்தனர். அக்குன்றின் அடிவாரத்தில் கிறிஸ்து ஆலயம் எழுந்தது 1910-11ஆம் ஆண்டுகளில். உலக வழக்கில் ஆலயம் முதலில் வரும். கல்லறை பின்னர் வரும். மூணாற்றிலோ கல்லறை முந்திக்கொண்டது. ஆலயம் அதற்குப் பதினாறு ஆண்டுகள் பிந்தி வந்தது. இதனை ஓர் எழுத்தாளர் கற்பனையாக எழுதியிருந்தால், இருண்ட நகைச்சுவை என்று மதிப்புரையாளர் பெயரிட்டிருப்பர். வரலாறு எழுதியதால் அது செய்தியாக நின்றுவிட்டது.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்கள் போயின. அத்தகைய ஓராண்டின் இறுதியில் வரும் பண்டிகைக்கு எத்தகைய முகம் இருக்கும் என்பதை மலை மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஊர்ப் பெயர் தாங்கிய மற்றொரு சிரிப்பு

மாட்டுப்பட்டியின் பெயர் திரையுலகில் முன்பே சிரிப்போடு சேர்ந்து ஒலித்தது உண்டு. 1998இல் ஜோஸ் தாமஸ் இயக்கிய ‘மாட்டுப்பெட்டி மச்சான்’ என்னும் மலையாளப் படம் மக்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தது. 2003இல் டி. பி. கஜேந்திரன் அதனைப் ‘பந்தா பரமசிவம்’ எனத் தமிழில் தந்தார். 2012இல் ‘ஹவுஸ்ஃபுல் 2’ என்ற பெயரில் இந்திக்கும் அக்கதை சென்றது. ஆள்மாறாட்டமே அதன் அச்சு. ஒருவர் மற்றொருவராக நடிப்பார், குழப்பம் பெருகும், இறுதியில் வேடம் கலையும், எல்லாம் சுபமாக முடியும்.

‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ படத்தின் அச்சும் ஒருவகையில் ஆள்மாறாட்டமே. அங்கும் ஆணும் பெண்ணும் தாம் யார் என்பதை மறைத்தே பழகுகின்றனர். முன்னைய படத்தில் பொய் கலைந்தால் மணமேடை காத்திருக்கிறது. பின்னையதில் பொய் கலைந்தால் காவல் நிலையம் காத்திருக்கிறது. வித்து ஒன்றாயினும் விளைவு வேறு. முதல்வகைச் சிரிப்பு நம்மைக் கவலையின்றி வீட்டுக்கு அனுப்பும். இரண்டாம்வகைச் சிரிப்பு வீடு வரை நம்மோடு கூடவே வரும்.

கிறிஸ்துமஸ் கதைகளில் இருள்

கிறிஸ்துமஸ் கதையில் இருள் புகுந்தது நேற்று நேர்ந்த புதுமையன்று. 1843ஆம் ஆண்டு சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘கிறிஸ்துமஸ் கரோல்’ என்னும் புகழ்பெற்ற கதையே ஆவிகள் உலவும் கதைதான். கஞ்சன் ஒருவன் தன் கல்லறையைத் தானே காணும் அச்சமே அதில் அவனைத் திருத்துகிறது.

1946இல் ஃபிராங்க் காப்ரா அமெரிக்காவில் எடுத்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்தின் நாயகன், கிறிஸ்துமஸ் முன்னிரவில் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிகிறான். ஐந்து ஆஸ்கர் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டும், அப்படம் போட்ட முதலை அன்று மீட்கவில்லை. 1974இல் அதன் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் விடுபட்டது. தொலைக்காட்சி நிலையங்கள் ஆண்டுதோறும் டிசம்பரில் அதை ஒளிபரப்பத் தொடங்கின. திரையரங்கில் கைவிடப்பட்ட படம், வீட்டுக் கூடத்தில் குடும்பப் படமாயிற்று.

1960இல் பில்லி வைல்டர் எடுத்த ‘தி அபார்ட்மெண்ட்’ அதனினும் துணிந்தது. மேலதிகாரிகளின் கள்ள உறவுகளுக்குத் தன் வீட்டுச் சாவியைத் தரும் எழுத்தர் ஒருவர். கிறிஸ்துமஸ் முன்னிரவில் அவ்வீட்டிலேயே தூக்க மாத்திரைகளை விழுங்கும் ஒரு பெண். இதுவும் நகைச்சுவைப் படமே! அந்நாளில் அதனை ஒழுக்கக் கேடு எனக் கடிந்தோரும் இருந்தனர். வியந்து போற்றியோரும் இருந்தனர். சிறந்த படத்துக்கான விருது உட்பட ஐந்து ஆஸ்கர் விருதுகளை அது பெற்றது. மாறுபட்ட தீர்ப்பு இவ்வகைப் படங்களுக்கு உடன்பிறந்த ஒன்று என்பது இவற்றால் விளங்கும்.

பாரிசிலிருந்து பம்பாய்க்கு

பிரெஞ்சு எழுத்தாளர் ஃபிரெதெரிக் தார் 1961இல் ‘லெ மோந்த் ஷார்ஜ்’ என்னும் சிறு புதினத்தை வெளியிட்டார். சரக்குத் தூக்கி என்பது அப்பெயரின் பொருள். மறு ஆண்டே மார்செல் புளூவால் அதனைப் படமாக்கினார். அறுபதாண்டுகள் கழித்து, அக்கதையை பம்பாய் என்ற பெயர் வழங்கிய காலத்துக்கு மாற்றியவர் இயக்குநர் ஸ்ரீராம் ராகவன். அவரும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து புணேயில் வளர்ந்தவர் என்பது புலம்பெயர்ந்த நமக்குத் தனி ஆர்வம் தரும் செய்தி. ‘ஜானி கத்தார்’ (2007), ‘அந்தாதுன்’ (2018) ஆகிய படங்களால், குற்றக் கதையில் குறும்புச் சிரிப்பைக் கலப்பவர் என்று அவர் பெயர் பெற்றிருந்தார்.

கதையின் தொடக்கத்தை மட்டும் கூறுவோம். ஆல்பர்ட் என்பவன் ஏழாண்டுகளுக்குப் பின் கிறிஸ்துமஸ் முன்னிரவில் பம்பாய்க்குத் திரும்புகிறான். அவன் தாய் இறந்துவிட்டாள். தாயில்லாத வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வெளியே செல்பவன், ஓர் உணவகத்தில் மரியா என்னும் பெண்ணையும் வாய் பேசாத அவள் சிறுமகளையும் காண்கிறான். பேச்சு வளர்கிறது, நடை வளர்கிறது, அவள் வீட்டுக்குச் செல்கிறான். விளக்குகள் மின்னும் அவ்வீட்டில், அவள் கணவனின் பிணம் இருக்கிறது. அதன்பின் நிகழ்வனவற்றைப் படம் பார்ப்போர்க்கே விட்டுவிடுகிறோம்.

படத்தின் முதற்காட்சியே அதன் போக்கைச் சொல்லிவிடுகிறது. இரு மிக்ஸிகள் அருகருகே சுழல்கின்றன. ஒன்றில் உணவுக்கான மசாலைப் பொருள்கள், மற்றொன்றில் மாத்திரைகள். அரைபடும் ஓசை ஒன்றே. ஒன்று பசிக்கு, மற்றொன்று வேறு எதற்கோ. சமையலறையில் அன்றாடம் கேட்கும் ஓசையிலேயே அச்சத்தை ஒளித்து வைத்திருக்கிறார் இயக்குநர். இவ்வகை நகையில் வாய்விட்டுச் சிரிக்க இடமில்லை; உதட்டோரத்தில் தொடங்கி நெஞ்சில் நின்றுவிடும் சிரிப்பு அது.

ஆல்பர்ட்டாக விஜய் சேதுபதியும் மரியாவாகக் கத்ரீனா கைஃபும் இருமொழிகளிலும் நடித்தனர். துணைப் பாத்திரங்களுக்கு மட்டும் மொழிக்கொரு குழு. தமிழில் ராதிகா சரத்குமாரும் சண்முகராஜனும் காவல்துறையினராகத் தோன்றினர். ஒளிப்பதிவை மது நீலகண்டனும் படத்தொகுப்பைப் பூஜா லதா சுர்தியும் மேற்கொண்டனர்.

இருவகைத் தீர்ப்பு

டிசம்பரில் வருவதாக அறிவிக்கப்பட்ட படம், ஒத்திவைக்கப்பட்டு 2024 ஜனவரி 12ஆம் நாள் திரைக்கு வந்தது. கிறிஸ்துமஸ் படம் பொங்கலுக்கு வந்தது! அதே நாளில் ‘கேப்டன் மில்லர்’, ‘அயலான்’ ஆகிய பெரும்படங்களும் தமிழ்நாட்டில் வெளியாயின. கரும்பும் மஞ்சளும் வாங்கிய கையோடு, துப்பாக்கியும் விண்வெளி மனிதனும் காணச் சென்ற கூட்டத்தில், மெல்லப் பேசும் இப்படத்துக்குக் காது கொடுத்தோர் சிலரே. வசூலில் அது எதிர்பார்த்த இடத்தை எட்டவில்லை.

மதிப்புரைகளோ இருதிறப்பட்டன. போற்றியோர் இரு நடிகர்களின் அடக்கமான நடிப்பையும், பழைய பம்பாயின் ஒளியையும், சொற்கள் ஒடுங்கி இசை மேலோங்கும் இறுதிக் காட்சியையும் சிறப்பித்தனர். குறை கண்டோர் முற்பாதி ஊர்ந்து செல்வதாகவும், மர்மத்தை முன்கூட்டியே ஊகிக்க முடிவதாகவும், ‘அந்தாதுன்’ தந்த விறுவிறுப்பு இதில் இல்லை எனவும் கூறினர். இது காதற்கதையா, கொலைக்கதையா, நகைச்சுவையா என்ற வினாவும் எழுந்தது.

இம்மாறுபாட்டின் வேர் எங்கே உள்ளது? படம் மூன்று வாக்குறுதிகளைத் தாங்கி வந்தது என்பது நம் கருத்து. தலைப்பு பண்டிகையை வாக்களித்தது. இயக்குநர் பெயர் திடீர்த் திருப்பங்களை வாக்களித்தது. நடிகர் பெயர், தமிழ்நாட்டில், மண்மணக்கும் ஒரு தமிழ்ப் படத்தை வாக்களித்தது. படமோ இம்மூன்றுக்கும் மாறாகத் தனிமையுற்ற இருவரின் ஓர் இரவைக் காட்டியது. விருந்துக்கு வந்தவன் முன் மருந்தை வைத்தால், மருந்து நல்லதாயினும் அவன் மனம் நோகும். மதிப்புரைகளிற் பல மருந்தின் தரத்தைப் பேசவில்லை. விருந்து இல்லாமையையே பேசின.

ஆயினும் குறை கண்டோர் கூற்று முழுவதையும் தள்ளிவிடுதல் முறையன்று. குறிப்பாகத் தமிழ் வடிவத்தின் மொழி பற்றிய குறை நியாயமானது. பம்பாய் போன்ற பன்மொழி நகரத்தில் கதைமாந்தர் அனைவரும் தங்குதடையின்றித் தமிழிலேயே உரையாடுவது செவிக்கு ஒட்டவில்லை. இதனை எவரினும் நன்கு உணர்வோர் புலம்பெயர்ந்த குடும்பத்தினரே. வீட்டில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என வாழ்வோர், அயலாரிடம் எந்தச் சொல்லில் தயங்குவோம், எந்த இடத்தில் தாய்மொழிக்குத் தாவுவோம் என்பதை அறிவர். அத்தயக்கமும் அத்தாவலும் கதைக்குள் வந்திருக்குமாயின், முன்பின் அறியாத இருவர் ஒருவரையொருவர் அளந்து பார்க்கும் அவ்விரவு இன்னும் கூர்மை பெற்றிருக்கும். இருமொழிப் படம் என்ற வணிக ஏற்பாடு, இருமொழி வாழ்வு என்ற உண்மையை விழுங்கிவிட்டது.

காலம் திருத்திய தீர்ப்புகள்

முதல் வாரத்துத் தீர்ப்பே முடிவான தீர்ப்பு ஆகாது என்பதற்குத் தமிழ்த் திரைப்பட வரலாறும் சான்று பகரும். 1954இல் ஏ.வி.எம். நிறுவனம் தயாரிக்க, வீணை வித்தகர் எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ படத்தை இயக்கினார். அதில் பாடல் இல்லை, நடனம் இல்லை. நாயகனாகப் போற்றப்பட்ட சிவாஜி கணேசன், நாட்டைக் காட்டிக்கொடுப்பவனாக நடித்ததோடு, கதையின் தொடக்கத்திலேயே சுடப்பட்டு வீழ்கிறார். பாட்டும் கூத்தும் எதிர்பார்த்துச் சென்றோர் ஏமாந்தனர். படம் வசூலில் தோற்றது. தேசிய விருது வழங்கலில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. இன்று தமிழ்ப்படங்களின் வரலாறு எழுதுவோர் எவரும் அதைக் குறிப்பிடாமல் செல்வதில்லை.

தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ 2010இல் நியூயார்க் நகரத் தெற்காசியத் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. தணிக்கைக் குழுவோ 52 வெட்டுகள் கோரியது. மேல்முறையீட்டுக்குப் பின் 2011 ஜூன் மாதத்தில் வெளியான அப்படம் வசூலில் வீழ்ந்தது. பின்னர் சிறந்த அறிமுக இயக்குநருக்கும் சிறந்த படத்தொகுப்புக்கும் தேசிய விருதுகள் வந்தன. கொலையும் கொள்ளையும் சூழ்ந்த உலகில், தந்தையைக் குழந்தையெனக் காக்கும் ஒரு சிறுவனைக் கண்டு சிரிப்பும் இரக்கமும் ஒருங்கே கொள்ள இரசிகர்கள் மெல்லப் பழகினர். அதன்பின் 2013இல் வந்த ‘சூது கவ்வும்’ மக்களால் உடனே வரவேற்கப்பட்டது. ஒரு படம் தோற்று உழுத நிலத்தில் மற்றொன்று விளைந்தது எனலாம்.

இதனால், தோற்ற படங்கள் எல்லாம் பின்னாளில் வென்றே தீரும் என்று நாம் வாதிடவில்லை. மறக்கப்பட்டவையே மிகுதி. ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ எவ்வரிசையில் சேரும் என்பதைக் காலமே கூறும். எனினும், அதனை மீண்டும் ஒருமுறை காணத்தக்க கூட்டம் ஒன்று உண்டு. அது நாமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

நமக்கும் இப்படத்துக்கும் உள்ள உறவு

ஆல்பர்ட்டின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஊர் திரும்புகிறான், தாய் இல்லை. தெருவெங்கும் விளக்குகள், தன் வீட்டில் மட்டும் இருள். எல்லோரும் வாழ்த்துச் சொல்கின்றனர். அவ்வாழ்த்தைப் பெற்றுக்கொள்ளும் மனம் அவனிடம் இல்லை. கொலையும் மர்மமும் பின்னர் வருவன. அவை கதைக்காக வந்தவை. இந்தத் தொடக்கமோ வாழ்விலிருந்து வந்தது. வெளிநாட்டிலிருந்து வானூர்தியில் பறந்து வந்தும் தாயின் முகத்தைக் காணத் தவறியோர் நம் சங்கக் குடும்பங்களில் இல்லையா? பொங்கலன்று அடுக்குமாடி வீட்டில், புகையுணர் கருவி அலறிவிடுமோ என்று அஞ்சிச் சாளரத்தைத் திறந்து வைத்துப் பால் பொங்கவிட்டு, பிள்ளைகளோடு கூவிச் சிரித்துவிட்டு, பின்னர் அறைக்குள் சென்று கண் துடைத்துக்கொண்டோர் இல்லையா? பண்டிகை நாளே புலம்பெயர்ந்தோர்க்கு ஆண்டின் நெடிய நாள். அதனை அறிந்தோர்க்கு, பண்டிகையின் பெயரால் துயரைப் பேசும் படம் ஏமாற்றமாகத் தோன்றாது. நெடுநாள் பழகியவர் போலத் தோன்றும்.

மாட்டுப்பட்டி மலைப்பகுதியில் பிறந்தோர்க்கு இவ்வுணர்வு இன்னும் அணுக்கமானது. தொழுவத்தில் பிறந்த குழந்தையின் கதை, அரசன் ஒருவனின் கொலை ஆணைக்கு அஞ்சி அக்குடும்பம் இரவோடிரவாக எகிப்துக்குப் புலம்பெயர்ந்த கதையாக நீள்கிறது என்பதை அவர்கள் ஆலயத்தில் கேட்டு வளர்ந்தவர்கள். முதற் கிறிஸ்துமசின் அருகிலேயே இருள் இருந்தது. விளக்கு ஏற்றப்பட்டதும் அதனாலேயே. பண்டிகையிலிருந்து இருளை முற்றாக விலக்கிவிட வேண்டும் என்று கோருவது, அப்பண்டிகையின் கதையையே பாதியில் நிறுத்துவதாகும்.

ஆகவே அன்பர்களே, மதிப்புரைகளைப் படியுங்கள். விண்மீன் எண்ணிக்கையையும் பாருங்கள். ஆனால் அவற்றோடு நின்றுவிடாதீர்கள். பிள்ளைகள் உறங்கியபின், வளர்ந்தோர் மட்டும் அமர்ந்து இப்படத்தை ஒருமுறை காணுங்கள். மெதுவாக நகர்கிறது என்று சொல்லப்பட்ட முற்பாதியில், இரு தனியர் தெருவில் நடந்துகொண்டே பேசும் பகுதியைக் கருத்தூன்றிப் பாருங்கள். அது உங்களுக்கும் மெதுவாகத் தோன்றுமாயின், குறை கண்டோர் பக்கம் தாராளமாகச் சேருங்கள். தோன்றாவிடின், காரணத்தை அடுத்த சங்கக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். திரைப்படத்தின் தீர்ப்பை வசூல் கணக்கர் மட்டும் எழுதிவிடக் கூடாது. அத்துயரை வாழ்ந்து அறிந்தோரும் எழுத வேண்டும்.